காற்று அடங்கும் வரை

அசையாமல் உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலைதான் என்பது பிரம்மசக்திக்கு அன்று காலை பத்தேகாலுக்குத்தான் உறைத்தது. ஃபேனை நிறுத்தியாகிவிட்டது. ஜன்னல்களைச் சாத்திக் கறுப்புத் துணி தொங்கவிட்டாகிவிட்டது. பாளையங்கோட்டையில் பெண்கள் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வகம், அதன் கடைசியில் இந்த இருட்டறை, அறைக்குள் ஒரு முக்காலி, முக்காலிமேல் அவள். அந்தக் கோடியில் ஸ்டாண்டின் மேல் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு குழியாடி. இந்தக் கோடியில், அவள் கைக்கு எட்டுகிற மேஜையில், ஊசித்துளை வழியே எரியும் ஒரு பொட்டு விளக்கு, அதை ஒட்டி நிமிர்த்தி வைத்த அரை பிளேடு, பிளேடுக்குப் பின்னால் கேமரா. கேமராவுக்குத் தெரிவது பக்கச் சுவரில் இருக்கும் டிவியில் தெரியும். இப்போது டிவியில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் மட்டும் இருந்தது. வட்டத்துக்குள் ஏதோ மெல்ல நெளிந்துகொண்டிருந்தது, அரிசி களைந்த தண்ணீர் பாத்திரத்தில் சுழலுகிற மாதிரி. அதுதான் காற்று. கதவைச் சாத்தியபோது கலைந்த காற்று இன்னும் அடங்கவில்லை. அடங்கும் வரை யாரும் நடக்கக் கூடாது, கையை வீசக் கூடாது, புடவையை உதறக் கூடாது. யாரும் என்றால் அவள்தான், வேறு யார் இருக்கிறார்கள். எஸ்தர் மேடம், கல்லூரியைப் பார்வையிட வரும் ஆய்வுக் குழுவை வரவேற்கப் போய்விட்டார். போகும்போது கதவில் கையை வைத்தபடி சொன்னார்: "பிரமு அக்கா, அவங்க வர்ற சத்தம் கேட்டதும் நீங்க வெளிய போயிருங்க. உள்ள ஆள் கூடினா சூடு கூடும். படம் கலங்கிரும்." அவளும் "சரி மேடம்" என்றாள். எப்போதும் அந்த வாய் சரி என்றுதான் சொல்லும், மனசு பின்னால் வந்து சேர்வதற்குள் வாய் முந்திக்கொள்ளும்.

மேடம் சொன்னது சரிதான். சரியாக இருப்பதுதான் உறுத்தியது. மனுஷ உடம்பு ஒரு அடுப்பு, அதிலிருந்து ஓயாமல் சூடு மேலே ஏறிக்கொண்டே இருக்கிறது, இதை மேடத்துக்கே காட்டியது அவள்தானே. ஆனால் வரப்போகிற மூன்று பேருக்கும் உடம்பு இல்லையா, பிரின்சிபாலுக்கு இல்லையா, அவருக்குப் பின்னால் நோட்டுப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு வரும் இரண்டு பேராசிரியைகளுக்கு இல்லையா. அத்தனை மூச்சு உள்ளே வரும்போது என் ஒரு மூச்சு மட்டும் என்ன, விறகுப் புகையா? இப்படி நினைத்ததும் கழுத்தில் வேர்த்தது. தை மாசம், தடித்த சுவர், அறை குளுகுளுவென்றுதான் இருந்தது, ஆனாலும் வேர்த்தது. காதுக்குப் பின்னால் ஒரு துளி இறங்கியது. துடைக்கக் கூடாது. கையைத் தூக்கினால் காற்று கலையும், மறுபடி பத்து நிமிஷம் ஆகும். துளி கழுத்து வழியே ஜாக்கெட்டுக்குள் போகிறவரை அதன் பின்னாலேயே மனசால் போனாள். மூக்கு நுனி அரித்தது. அரிக்கட்டும். பக்கத்து வேதியியல் துறையில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. அங்கே இருக்கிறார்கள். அங்கே கலர் கலராகத் தண்ணீர் வைத்திருப்பார்கள், நீலத்தை ஊற்றினால் சிவப்பாகும், பார்க்கிறவர்கள் கையைத் தட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் சாம்பல் வட்டம். நேரமாகிவிட்டது என்று வராமலே திரும்பிவிட்டால்? மூன்று வாரப் பாடு. வரவில்லை என்றால் போகட்டும் என்று சொல்லிப் பார்த்தாள். மனசு போகட்டும் என்று சொல்ல மறுத்தது.

காற்று ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதை அவளிடம் கேட்டது போன வருஷத்து முதல் வருஷப் பெண் ஒருத்தி. பீக்கரைக் கழுவிக்கொண்டிருந்த அவளிடம், வேறு யாரும் இல்லாததால் கேட்டாள். "யக்கா, காத்து நம்மள சுத்தித்தான இருக்கு, பெறகு ஏன் தெரிய மாட்டேங்கு?" எனக்கு எங்கட்டி தெரியும், மேடத்துட்ட கேளு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏனென்றால் அவளுக்குத் தெரியும் என்று அந்த நிமிஷம் தோன்றியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கண்ணாடிக் குச்சியைத் தொலைத்தாள். கிளிசரின் இருந்த ஜாடியில்தான் போட்ட ஞாபகம், ஜாடியில் பார்த்தால் குச்சி இல்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், இல்லை. மேஜைக்கு அடியில் தவழ்ந்தாள், குப்பைக் கூடையைக் கவிழ்த்தாள். பத்தாங்கிளாஸ் தேறாத பொம்பளை, புருஷன் செத்த அனுதாபத்தில் வந்த வேலை, வந்த இரண்டாவது வாரமே சாமானைத் தொலைத்துவிட்டாள் என்று எல்லாரும் பேசப்போகிற பேச்செல்லாம் காதில் விழுந்தது. கடைசியில் என்ன நினைத்தாளோ, ஜாடிக்குள் கையை விட்டாள். விரலில் குச்சி தட்டுப்பட்டது. அங்கேயேதான் இருந்திருக்கிறது. கண்ணாடிக்குள்ளும் கிளிசரினுக்குள்ளும் வெளிச்சம் ஒரே மாதிரி போகிறது, ரெண்டுக்கும் நடுவில் எங்கேயும் மடங்குவதில்லை, அதனால் ஓரம் தெரிவதில்லை என்று பிற்பாடு ஒரு வகுப்பில் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டாள். காற்றும் அப்படித்தான். வெளிச்சத்தை அது தடுப்பதில்லை, விழுங்குவதில்லை, நேராகப் போக விடுகிறது. வழிவிட்டு நிற்கிற ஆளை யார் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் ஜாடியைக் காட்டினாள். குச்சியை உள்ளே விட்டாள், குச்சி காணாமல் போனது. அந்தப் பிள்ளையின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது முதுகு தானாக நிமிர்ந்திருந்ததை அவளே கவனித்தாள்.

வட்டத்துக்குள் நெளிவு குறைந்திருந்தது. இன்னும் அடங்கவில்லை. இந்தக் குழியாடி நாற்பது வருஷத்துக்கு முன்னால் டெலஸ்கோப் செய்யவென்று யாரோ வாங்கி, செய்யாமல் பீரோவில் கிடந்தது. இதை வைத்துக் காற்றைக் காட்டலாம் என்று படித்துவிட்டு வந்து சொன்னது எஸ்தர் மேடம். அதில் சந்தேகமில்லை, படிப்பு மேடத்துடையது. ஆனால் விளக்கிலிருந்து போன வெளிச்சம் குழியாடியில் பட்டு மறுபடி ஒரே புள்ளியாகத் திரும்பி வரும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமே. மேடம் நாலு நாள் தேடினார். வகுப்பு, மீட்டிங், ஆய்வுக் குழுவுக்கு ஃபைல், ஐந்தாம் நாள் "விட்ருவோம்க்கா, வேற ஏதாச்சும் வைப்போம்" என்றார். அன்று மத்தியானம் சோற்று டப்பாவைத் திறக்காமல் பிரம்மசக்தி தபால் தலை அளவுக்கு ஒரு வெள்ளை அட்டையை வெட்டி எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனாள். குழியாடிக்கு முன்னால் அட்டையைப் பிடித்தபடி ஒரு எட்டு, இன்னொரு எட்டு, மூட்டைப்பூச்சியைத் தேடுகிறவள் மாதிரி பின்பக்கமாகவே நடந்தாள். அட்டையில் விழுந்த வெளிச்சம் தட்டாக இருந்தது, பிறகு ஊத்தப்பம், பிறகு நாலணா, பிறகு மிளகு, பிறகு கடுகு. கடுகுக்கு மேல் சிறுக்கவில்லை. அந்த இடத்தில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டாள். அடுத்தது பிளேடு. அந்தக் கடுகைப் பிளேடின் ஓரம் சரியாகப் பாதி வெட்ட வேண்டும். கையால் நகர்த்தினால் ஒரேயடியாகத் தாண்டிவிடுகிறது. பீரோவில் இருந்த டிராவலிங் மைக்ராஸ்கோப்பை எடுத்தாள். மயிரிழை மயிரிழையாக நகர்த்துவதற்கென்றே அதில் திருகு இருக்கிறது. குழாயைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அரை பிளேடை ஒட்டினாள். யாரும் சொல்லித் தரவில்லை. பதினாறு வருஷம் அந்தத் திருகுகளுக்கு எண்ணெய் போட்ட விரல் சொல்லித் தந்தது. நேராக வருகிற வெளிச்சத்தில் பாதி பிளேடைத் தாண்டும், அதனால் சாம்பல். காற்று எங்கேயாவது சூடேறி லேசாகிப்போனால் அங்கே வெளிச்சம் கொஞ்சம் மடங்கும், மடங்கினது பிளேடில் முட்டினால் கறுப்பு, விலகித் தாண்டினால் வெள்ளை. இவ்வளவுதான். மேடம் வந்து பார்த்துவிட்டு "யார் பண்ணது?" என்றார். "நான்தான் மேடம்." மேடம் ஒன்றும் சொல்லாமல் பிளேடையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மௌனத்தை பிரம்மசக்தி வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று நாள் வைத்திருந்தாள்.

அவள் புருஷன் நம்பிராஜனுக்கு இந்த அறைதான் ரொம்பப் பிடிக்கும். அவர் இங்கே அட்டெண்டராக இருந்தபோது அவளைப் பொறுத்தவரை இது அவர் வேலை பார்க்கிற இடம், அவ்வளவுதான். அவரை நினைக்கக் கூடாது இப்போது. நினைத்தால் மூச்சு மேலும் கீழும் போகும், காற்று கலையும். நினைக்கக் கூடாது என்று நினைத்ததும் ஆஸ்பத்திரி வார்டு வந்துவிட்டது, காலை வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் கோடாகப் போட்டிருந்த வார்டு. நெஞ்சு கெட்டுப்போய்ப் பதினெட்டு நாள். அன்று தேவலை என்று சொன்னார்கள். குளிருகிறது என்று கழுத்து வரை போர்வை. அவள் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டபடி பேசிக்கொண்டிருந்தாள். "பாத்ரூம் குழா ஒழுகிட்டே இருக்கு, ஆளு வரச் சொல்லிருக்கேன்" என்றாள். "ஒங்க அத்தை வந்துட்டுப் போனாவ, அல்வா வாங்கியாந்தாவ" என்றாள். "பிள்ள ஓட்டப் பந்தயத்துல ரெண்டாவதா வந்துட்டா" என்றாள். அவர் கண்ணை மூடியிருந்தார். அவருக்கு அது வழக்கம், கேட்டுக்கொண்டேதான் மூடியிருப்பார், நடுவில் "பெறகு என்னட்டி ஆச்சு?" என்பார். கேட்கவில்லை. அயர்ந்துவிட்டார் என்று அவள் மேலே சொன்னாள், எதிர்வீட்டு நாய் குட்டி போட்டதை, குட்டிகளில் ஒன்று கறுப்பாக இருப்பதை. நர்ஸம்மா வந்து போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு அவள் தோளில் கையை வைத்தாள். அரை மணி ஆயிருக்கும்மா என்றாள். அரை மணி. எதில்? குழாயிலா, அத்தையிலா, ஓட்டப் பந்தயத்திலா? பிள்ளை ரெண்டாவதாக வந்ததைக் கேட்டுவிட்டுப் போனாரா, கேட்காமல் போனாரா? பதினாறு வருஷமாகச் சோறு வடிக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் இதே வரிசைதான், குழாய், அத்தை, பந்தயம், நாய்க்குட்டி, ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று காதை வைத்துப் பார்ப்பாள். எதிரேதான் உட்கார்ந்திருந்தேன், கண் நல்லாத்தான் இருந்தது, பார்க்கத் தெரியாமல் போய்விட்டதே என்று. மாமியார் கூட ஒருமுறை சொன்னார், பக்கத்துல இருந்தவளுக்கே தெரியலையாக்கும் என்று. கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

இரண்டு வியாழக்கிழமைக்கு முன்னால், மேடம் வகுப்பில் இருந்தபோது, அவள் தனியாகக் குழியாடிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மெழுகுவர்த்தி கொளுத்திப் பார்த்தாயிற்று, கையை நீட்டிப் பார்த்தாயிற்று. இன்னும் பார்க்காதது ஒன்றுதான். டிவியைப் பார்த்தபடி மூக்கால் மூச்சு விட்டாள். வட்டத்தின் ஓரத்திலிருந்து கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சுருள் வந்தது. காலிஃப்ளவர் மாதிரி பொங்கிப் பொங்கி விரிந்து, மேலே ஏறிக் கரைந்தது. இழுத்தாள், ஒன்றுமில்லை. விட்டாள், மறுபடி வந்தது. இது தையில்தான் தெரியும், சித்திரையில் அறையும் மூச்சும் ஒரே சூடாகிவிட்டால் இத்தனை ஏற்பாடும் இருந்தும் தெரியாது. இவ்வளவு பெரிய ஆடி வேண்டியிருக்கிறது, கடுகளவு வெளிச்சம் வேண்டியிருக்கிறது, அதைப் பாதி வெட்டும் பிளேடு வேண்டியிருக்கிறது, காற்று அடங்குகிறவரை கட்டிப்போட்டது மாதிரி ஒரு மனுஷி உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. அதற்கப்புறம்தான் ஒரு மூச்சு கண்ணுக்குத் தெரிகிறது. வெறும் கண்ணை வைத்துக்கொண்டு வார்டில் உட்கார்ந்திருந்தவள் எப்படிப் பார்த்திருப்பாள்? எந்தக் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்? அன்றைக்கு அங்கேயே சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடித்தபோது உள்ளே எங்கேயோ ஒரு மூட்டை இறக்கி வைக்கப்பட்டிருந்தது. வரிசை போகவில்லை, இப்போதும் வருகிறது, குழாய், அத்தை, பந்தயம். வந்தால் வந்துவிட்டுப் போகிறது, முன்பு மாதிரி குத்தவில்லை.

வட்டம் அடங்கிவிட்டது. ஒரு நெளிவு இல்லை, தேய்த்துக் கவிழ்த்த வெள்ளித் தட்டு மாதிரி இருந்தது. அதைப் பார்த்துப் பெருமையாக இருந்தது, யாரிடமும் சொல்ல முடியாத பெருமை: ஒன்றுமே தெரியாதபடி இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறேன் பாருங்கள் என்று எப்படிச் சொல்வது. வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. வருகிறார்கள். எழுந்து போக வேண்டும். கால் எழவில்லை. மரத்துப்போயிருந்ததா, மனசுதான் எழவில்லையா, அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. போனால் நாலு எட்டு, நாலு எட்டில் காற்று கலையும், அதனால்தான் போகவில்லை என்று ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டாள். நல்ல பதிலாகவே இருந்தது. அதற்குள் கதவு திறந்து வெளிச்சமும் சூடும் சென்ட் வாசனையும் ஏழு பேரும் உள்ளே வந்தார்கள்.

எஸ்தர் மேடத்தின் பார்வை ஒரு நொடி அவள்மேல் நின்று நகர்ந்தது. இங்கிலீஷில் விளக்க ஆரம்பித்தார். வந்தவர்களில் வயதானவர் ஒருவர், தலை முழுக்க நரை, டிவியைப் பார்க்கக் கிட்டே வந்தார். வந்தவரின் இடுப்பு மேஜை விளிம்பில் லேசாக இடித்தது. வட்டம் கறுத்தது. மேடம் திருகைத் திருப்பினார், இன்னும் கறுத்தது. குழியாடிக்கு முன்னால் மெழுகுவர்த்தியைக் கொளுத்தினார், டிவியில் சுடர் மட்டும் தனியாக ஒரு பொட்டாக எரிந்தது, அதைச் சுற்றி மையிருட்டு. மேடம் மறுபடி அதே பக்கம் திருப்பினார். பிரின்சிபால் இருமினார். யாரோ மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தது இருட்டிலும் தெரிந்தது. மேடத்தின் விரல்கள் திருகுமேல் பதறுவதைப் பார்த்தபோது பிரம்மசக்திக்குக் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது, பிறகு பாவமும் இல்லை, வேலை மட்டும்தான் கண்முன் நின்றது.

"அந்தப் பக்கம் இல்ல மேடம்" என்றாள். எழுந்து வந்தாள். "பிளேடு முழுசா மறைச்சிட்டு. இந்தப் பக்கம் கால் சுத்து." இரண்டு விரலால் திருகைத் தொட்டாள். கறுப்பு சாம்பலானது. சாம்பலுக்குள் சுடருக்கு மேலே ஒரு பெரிய தூண் எழுந்து, நேராகப் போய், பிறகு உடைந்து சுருண்டு சுருண்டு ஏறியது. நரைத்தவர் போய்க் குழியாடிக்கு முன்னால் தன் கையை நீட்டினார். ஐந்து விரலிலிருந்தும் ஐந்து இழை மேலே எழும்பியது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கோயம்புத்தூர் பக்கத்துத் தமிழில், யாரிடம் என்றில்லாமல் கேட்டார்: "ஏனுங்க, இத்தனை பாடுபட்டுக் காட்ட வேண்டியிருக்குதே, காத்து சும்மாவே கண்ணுக்குத் தெரிஞ்சிருந்தா என்னவாயிருக்கும்?"

மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பதில் பிரம்மசக்தியின் வாயிலிருந்து வந்துவிட்டது. "காத்து தெரிஞ்சிருந்தா வேற ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது சார். எங்க பாத்தாலும் அதுதான நிக்கும். உங்களுக்கும் எனக்கும் நடுவுல இவ்வளவு காத்து இருக்கு. அது தெரியாததுனாலதான் உங்க மொகம் எனக்குத் தெரியுது." சொல்லி முடித்த பிறகுதான் பயம் வந்தது. நரைத்தவர் சிரிக்கவில்லை. அவள் பக்கம் முழுதாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார், அவள் சொன்னதைச் சரிபார்க்கிறவர் மாதிரி. பிறகு, "ஆமாங்க" என்றார். அவ்வளவுதான். பேரைக் கேட்கவில்லை. அடுத்து நூலகம் என்று பிரின்சிபால் சொல்ல, எல்லாரும் போனார்கள். மொத்தம் ஐந்து நிமிஷம் இருந்திருப்பார்கள்.

அறை மறுபடி அவளுடையதானது. முக்காலியில் உட்கார்ந்தாள், இப்போது அசையலாம், முந்தானையால் கழுத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். சொன்னது தப்போ? தப்பில்லை. மேடத்தை முந்திக்கொண்டது தப்போ? அதற்குப் பதில் கிடைப்பதற்குள் கதவில் வாட்ச்மேன் ஆறுமுகநயினாரின் தலை தெரிந்தது. "பிரமு, காத்தப் படம் புடிச்சிருக்கியாமே. வந்தவாள்லாம் அதப் பத்தித்தான் பேசிட்டுப் போறாவ." அவருக்குப் பின்னால் கேன்டீன் லூர்து, கையில் மாவு காயாமல். அவளுக்குப் பின்னால் பெருக்குகிற இரண்டு பேர், தோட்டக்காரர், நூலகத்து அட்டெண்டர். இந்தக் கல்லூரியில் இருபது வருஷம் வேலை பார்த்தும் இந்த ஆய்வகத்துக்குள் காலை வைத்திராதவர்கள். செருப்பை வெளியே கழற்றிப் போட்டார்கள், கோயிலுக்குள் வருகிற மாதிரி.

"வாங்க. கதவச் சாத்துங்க. ஒவ்வொருத்தரா வரணும்" என்றாள். குரல் தன்னுடையதுதானா என்று இருந்தது, அவ்வளவு தெளிவாக இருந்தது. ஆறுமுகநயினாரைக் குழியாடிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். "மூக்கால விடுங்க அண்ணாச்சி. மெதுவா." அவர் விட்டார். டிவியில் பெரிய சுருள் பொங்கி வந்தது. அவர் திடுக்கிட்டுப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

"இது என்னதா?"

"உங்களதுதான்."

மறுபடி விட்டுப் பார்த்தார். அறுபத்தொரு வருஷமாக விட்டுக்கொண்டிருந்ததை முதல் தடவை பார்க்கிறவருக்கு என்ன சொல்லத் தெரியும், துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். தோட்டக்காரர் பீடி நாற்றம் தெரியுமா என்று கேட்டார். நாற்றம் தெரியாது, சூடு மட்டும்தான் தெரியும் என்றாள். பெருக்குகிறவர்களில் இளையவள் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு போய் நின்றாள், கூப்பின கையிலிருந்து ஒரே இழையாக மேலே போனது. பிரம்மசக்தி ஒவ்வொருவருக்கும் திருகை ஒரு மயிரிழை நகர்த்திச் சரிபார்த்தாள்.

கதவு திறந்தது. எஸ்தர் மேடம். குழுவை வழியனுப்பிவிட்டு நேராக வந்திருக்கிறார், முகத்தில் களைப்பு. உள்ளே இத்தனை பேரைப் பார்த்து நின்றார். வரிசை தானாகக் கலையப் பார்த்தது. லூர்து சுவரோடு ஒட்டினாள்.

"அக்கா, மத்தியானம் பிராக்டிகல் இருக்கு. கழட்டிரலாமா?"

"இன்னும் மூணு பேரு பாக்கணும் மேடம். பாத்து முடிச்சதும் நானே கழட்டுதேன்."

மேடம் டிவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தயங்கி, "நான் என் மூச்சை இன்னும் பாக்கவே இல்லக்கா" என்றார். "மூணு வாரமா மெழுகுவர்த்திதான்."

"பாக்கலாம். லூர்துக்கு அப்புறம் நீங்க."

எஸ்தர் மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து லூர்துக்குப் பின்னால் நின்றார்.